பெற்ற மெட்டும் பட்ட கடனும்

முன்னோர் நமக்கு விட்டுச் சென்றவை இருவகைப்படும். நிலம், வீடு, நகை போன்றவை ஒருவகை. மொழி, கதை, பாட்டு போன்றவை மற்றொருவகை. முதல்வகைச் செல்வம் பங்கிடப் பங்கிடக் குறையும். ஆகவே அதனைப் பற்றி வழக்குகள் எழும். இரண்டாம் வகைச் செல்வத்தை எத்தனை பேர் எடுத்துக்கொண்டாலும் அது குறைவதில்லை. ஒருவர் ஒரு மெட்டைக் கற்றுக்கொள்வதால் கற்பித்தவரிடம் அது இல்லாமற் போவதில்லை. எனவே இங்கு வழக்குக்கே இடமில்லை என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆயினும் இங்கும் ஒரு வழக்கு உண்டு. அதனை விசாரிக்கும் மன்றம் மனச்சான்று ஒன்றே.

ஒருவர் பழைய மெட்டு ஒன்றை எடுக்கிறார். அதனைப் பல கருவிகளுக்குப் பகிர்ந்தளிக்கிறார். முன்னும் பின்னும் புதிய பகுதிகளைச் சேர்க்கிறார். அடியில் சுரக்கூட்டுகளை நிரப்புகிறார். இதனை நாம் இசைக்கோப்பு என்போம். கோத்தவர் பெயர் இசைத்தட்டின் உறையில் அச்சாகிறது. அந்த மெட்டை நூறாண்டுகள் தம் விரல்களில் சுமந்து வந்தவர்களின் பெயர் அச்சாவதில்லை. கோத்தவர் செய்தது தொண்டா, பறிப்பா? பழைய மெட்டை மாற்ற அவருக்கு உரிமை உண்டா? உண்டெனில் அந்த உரிமைக்கு எல்லை எது?

இவ்வினாக்களை ஆராய அயர்லாந்தைப் போல் பொருத்தமான நாடு வேறில்லை எனலாம். செவிவழியாகவே வளர்ந்த நாட்டு இசை அங்கு இன்றும் உயிரோடு இருக்கிறது. அதே இசை, பல கருவிக் கோப்புகளாக உலக அரங்குகளிலும் ஒலிக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே எழுந்த பூசலும் அங்கு வெளிப்படையாகவே நடந்திருக்கிறது. ஆகவே அந்நாட்டின் இசை வரலாற்றைத் துணையாகக் கொண்டு இவ்வறவினாவை நோக்குவோம்.

மெட்டு என்பது யாது?

அயர்லாந்தின் நாட்டு இசையில் பெரும்பகுதி ஆட்டத்துக்குரியது. ரீல், ஜிக், ஹார்ன்பைப் என்பன ஆட்ட வகைகளின் பெயர்கள். அவற்றுக்குரிய மெட்டுகளும் அப்பெயர்களையே பெற்றன. ஒரு மெட்டில் பெரும்பாலும் இரண்டு பகுதிகள் இருக்கும். ஒவ்வொன்றும் எட்டுத் தாள அளவுடையது. ஒவ்வொன்றும் இருமுறை வாசிக்கப்படும். 32 தாள அளவுகளில் ஒரு சுற்று முடிந்துவிடும். பிறகு மீண்டும் தொடங்கும். ஆட்டத்துக்குரிய மெட்டுகளேயன்றி, பாட்டிலிருந்து பிறந்து, கட்டான தாளமின்றி நெடிது நின்று இசைக்கும் மெல்லிசைகளும் உள்ளன.

இவ்வளவு சிறிய உருவத்துக்குள் என்ன கலை இருக்க முடியும் என்று புதிதாகக் கேட்பவர் நினைக்கலாம். கலை சுற்றுகளுக்கு இடையில் இருக்கிறது. தேர்ந்த கலைஞர் ஒரு சுற்றைப் போல் மறுசுற்றை வாசிப்பதில்லை. ஒரு சுரத்தை வெட்டி வாசிப்பார். மற்றொன்றைச் சுழற்றி வாசிப்பார். ஓரிடத்தில் மூச்சுக்காக ஒரு சுரத்தையே விட்டுவிடுவார். கேட்பவர் அந்தச் சிறு வேறுபாட்டைக் கண்டு மகிழ்வர். ஆகவே இங்கு மெட்டு என்பது முடிந்துபோன பொருளன்று. எலும்புக்கூடு போன்ற ஓர் அமைப்பு உண்டு. தசையும் குருதியும் வாசிப்பவர் ஒவ்வொரு முறையும் தருவன. இவ்விசை தனிக் கருவிக்குரியதாகவே நெடுங்காலம் வளர்ந்தது. பலர் சேர்ந்து வாசித்தாலும் அனைவரும் ஒரே மெட்டையே வாசித்தனர்.

இதனை நினைவில் கொண்டால் இசைக்கோப்பு எழுப்பும் சிக்கல் விளங்கும். கோப்பு என்பது முன்கூட்டியே முடிவு செய்வது. எந்தக் கருவி எப்போது நுழையும், எது எப்போது அடங்கும் என்பது வரையறுக்கப்படுகிறது. மாறிக்கொண்டே இருப்பதைத் தன் இயல்பாகக் கொண்ட ஒன்றை மாறாத வடிவத்தில் நிறுத்துவதே கோப்பின் வேலை.

முதல் கோப்பும் முதல் வழக்கும்

1792ஆம் ஆண்டு ஜூலையில் பெல்பாஸ்ட் நகரில் ஒரு விழா நடைபெற்றது. யாழ்வகையைச் சேர்ந்த ஹார்ப் என்னும் கருவியை வாசிக்கும் மரபு அப்போது அழிவின் விளிம்பில் இருந்தது. நாடெங்கும் தேடியும் வந்து சேர்ந்த கலைஞர் பதினொருவரே. அவருள்ளும் ஒருவர் வேல்ஸ் நாட்டினர். அயர்லாந்தினர் பத்துப் பேர். அவர்களுள் பலர் பார்வையற்றவர்கள். டெனிஸ் ஹெம்ப்சன் என்பார் தொண்ணூறு வயதைக் கடந்தவர். அவர் ஒருவர் மட்டுமே பித்தளைக் கம்பிகளை நீண்ட நகங்களால் மீட்டும் பழைய முறையைக் கைவிடாதவர்.

அவர்கள் வாசிப்பதைச் சுரக்குறிப்பில் எழுதிக்கொள்ள, எட்வர்ட் பண்டிங் என்னும் பத்தொன்பது வயது ஆர்கன் கலைஞர் அமர்த்தப்பட்டார். அந்தச் சில நாள் வேலை அவருடைய வாழ்நாள் வேலையாயிற்று. பின்னர் அவர் ஊர் ஊராகச் சென்று மெட்டுகளைத் திரட்டினார். 1796, 1809, 1840 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுப்புகளை வெளியிட்டார். அவர் இல்லையேல் அந்த மெட்டுகளுள் பல மண்ணோடு மறைந்திருக்கும்.

ஆனால் அவர் வெளியிட்டது யாழிசையா? இல்லை. வீடுகளில் பியானோ வாசிப்பவர்களே நூலை வாங்கும் நிலையில் இருந்தனர். ஆகவே அவர் மெட்டுகளைப் பியானோவுக்கு ஏற்றவாறு அமைத்தார். சுரக்கூட்டுகளைச் சேர்த்தார். சில மெட்டுகளின் சுரங்களையே அக்கருவியின் இலக்கணத்துக்குள் அடங்குமாறு திருத்தினார். பித்தளைக் கம்பி மீட்டிய பின்னும் நெடுநேரம் ஒலிக்கும். எந்தக் கம்பியை ஒலிக்கவிடுவது, எதனை விரலால் அடக்குவது என்பதிலேயே அக்கலையின் நுட்பம் இருந்தது. பியானோ நூலில் அந்நுட்பத்துக்கு இடமில்லை.

இக்கதையின் இரண்டாம் பகுதி நம் சிந்தனைக்கு உரியது. கவிஞர் தாமஸ் மூர், பண்டிங்கின் தொகுப்பிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் மெட்டுகளை எடுத்து, அவற்றுக்கு ஆங்கிலத்தில் பாடல் எழுதினார். 1808 முதல் 1834 வரை வெளிவந்த அப்பாடல்கள் பெரும்புகழ் பெற்றன. சொல்லுக்கு ஏற்பப் பல இடங்களில் மெட்டு வளைக்கப்பட்டது. இதனைக் கண்டு பண்டிங் வருந்தினார். சொல்லுக்காக மெட்டைச் சிதைத்துவிட்டனர் என்று தம் 1840 தொகுப்பின் முன்னுரையில் குறை கூறினார். பியானோவுக்காகத் தாம் மாற்றியதை அவர் சிதைவாகக் கருதவில்லை. பிறர் செய்யும் மாற்றம் நமக்குச் சிதைவாகத் தெரிகிறது. நாம் செய்யும் மாற்றம் நமக்குத் தொண்டாகத் தெரிகிறது. மரபைக் காக்க வந்தவர்க்கெல்லாம் இந்தக் குருட்டுப்புள்ளி உண்டு. ஆகவே மரபுக் காவலர் ஒருவர் தம்மைத் தாமே அளந்துகொள்ள, தம் மனத்துக்குப் புறம்பான அளவுகோல் ஒன்று தேவைப்படுகிறது.

மாற்றமே கூடாது என்போர்

பழைய மெட்டைப் பழையபடியே வாசிக்க வேண்டும். கோப்பதே குற்றம் என்று கூறுவோர் உண்டு. அவர்தம் அன்பை நாம் மதிக்க வேண்டும். ஆனால் அவர்தம் வாதம் வரலாற்றின் முன் நிற்பதில்லை.

இன்று அயர்லாந்துக்கே உரியவை என்று கருதப்படும் கருவிகளைப் பாருங்கள். வயலின் ஐரோப்பாவின் பொதுக் கருவி. கான்சர்டினா 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் உருவானது. அது கிளேர் மாவட்டத்துப் பெண்களின் கையில் அவ்வூர்க் கருவியாகவே மாறிற்று. மரப் புல்லாங்குழல் மேல்நாட்டு இசையரங்குகளுக்காகச் செய்யப்பட்டது. போம் என்பவர் அமைத்த புதியவகைக் குழல் வந்தபின் அரங்கக் கலைஞர்கள் பழைய குழல்களைக் கைவிட்டனர். மலிவாகக் கிடைத்த அவற்றை அயர்லாந்துச் சிற்றூர்க் கலைஞர்கள் எடுத்துக்கொண்டனர். புசூக்கி கிரேக்க நாட்டுக் கருவி. அது அயர்லாந்தை அடைந்தது 1960களில்தான். இன்று அது இல்லாத கூட்டங்களே குறைவு. மிகப் பழைய மெட்டுகளும் இதற்கு விலக்கல்ல. 1670 முதல் 1738 வரை வாழ்ந்த டர்லோ ஓ'கரோலன் என்னும் பார்வையற்ற யாழ்க்கலைஞர், தம் காலத்து இத்தாலிய இசையை விரும்பிக் கேட்டு, அதன் சாயலைத் தம் மெட்டுகளில் ஏற்றுக்கொண்டவர். தூய தொடக்கம் என்று சுட்டிக்காட்டத்தக்க நாள் எதுவும் வரலாற்றில் இல்லை.

தமிழர்க்கு இது புதிய செய்தியன்று. 1775 முதல் 1835 வரை வாழ்ந்த முத்துசுவாமி தீட்சிதர், சென்னையில் ஐரோப்பியர் வாத்தியக் குழுக்கள் வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு வடமொழியில் சாகித்தியம் இயற்றினார். நோட்டு சாகித்தியங்கள் எனப்படும் அவற்றுள் ஸ்காட்லாந்து, அயர்லாந்து மெட்டுகளும் உண்டு. அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். இன்று வயலின் இல்லாத கருநாடக இசையரங்கை நாம் எண்ணிப் பார்க்க முடியுமா? வந்த கருவி வீட்டுப்பிள்ளை ஆகிவிட்டது. ஆகவே கருவி புதியது, ஆதலால் இசை கெட்டது என்னும் முடிவு ஏற்கத்தக்கதன்று.

எல்லா மாற்றமும் நன்றே என்போர்

மறுபக்கத்தில், மரபு என்பதே மாற்றந்தான். ஆகவே யார் எதை எப்படி மாற்றினாலும் குற்றமில்லை என்று கூறுவோர் இருக்கின்றனர். இது தாராள மனத்தின் குரல் போல் ஒலிக்கும். ஆனால் எல்லா மாற்றமும் ஒரே தன்மையன அல்ல. வாசிப்பவருக்கு வழிதரும் மாற்றம் உண்டு. அவர் வாயை அடைக்கும் மாற்றமும் உண்டு.

மைக்கேல் கோல்மன் என்னும் வயலின் கலைஞர் ஸ்லைகோ மாவட்டத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். 1920களிலும் 1930களிலும் நியூயார்க்கில் அவர் வாசித்த இசைத்தட்டுகள் கடல் கடந்து தாய்நாட்டை அடைந்தன. அவருடைய வாசிப்பு ஒப்பற்றது. இளைஞர்கள் அத்தட்டுகளை மீண்டும் மீண்டும் சுழலவிட்டு அவரைப் போலவே வாசிக்கப் பழகினர். விளைவு என்ன? தத்தம் ஊர்களுக்கு உரிய நடைகள் சில மெல்ல ஒடுங்கின. கோல்மன் எவருக்கும் தீங்கு செய்ய எண்ணியவர் அல்லர். அவர் மெட்டைச் சிதைக்கவும் இல்லை. ஒரு பிற்பகலில் அவர் வாசித்த ஒரு சுற்று, மாறாத உருவமாக நாடெங்கும் நின்றுவிட்டது. அவ்வளவே.

1935ஆம் ஆண்டின் பொது நடன அரங்குச் சட்டமும் எண்ணத்தக்கது. உரிமம் இன்றிப் பொது ஆட்டங்கள் நடத்தலாகாது என்று அது விதித்தது. வீடுகளின் சமையலறைகளில் அண்டை அயலார் கூடி ஆடிய வழக்கம் இதனால் தளர்ந்தது. ஆட்டம் பெரிய கூடங்களுக்கு நகர்ந்தது. கூடம் பெரிதானபோது ஓசையும் பெரிதாக வேண்டியிருந்தது. பல வயலின்கள், அக்கார்டியன்கள், பியானோ, டிரம் ஆகியவை ஒன்றுசேர்ந்து ஒரே மெட்டை உரக்க வாசித்தன. ஆடுவோர்க்கு அது போதும். ஆனால் ஒரு தனி விரலின் நுண்மாற்றம் அந்த ஓசையில் எவர் காதில் விழும்?

ஆகவே மாற்றம் என்ற ஒரு சொல்லைக் கொண்டு எல்லாவற்றையும் நியாயப்படுத்துவது, உணவு என்ற ஒரு சொல்லைக் கொண்டு எதையும் உண்பதைப் போன்றது.

ஒருவரே வைத்த இருவகைக் கோப்பு

ஷான் ஓ ரியாடா என்னும் இசையமைப்பாளர் 1931இல் பிறந்து 1971இல் நாற்பது வயதிலேயே மறைந்தவர். அவருடைய பணியில் இருவகைக் கோப்புகளையும் அருகருகே காணலாம்.

1959இல் வெளிவந்த 'மிஷ எய்ரே' என்னும் வரலாற்றுப் படத்துக்கு அவர் இசையமைத்தார். 'நான் அயர்லாந்து' என்பது அத்தொடரின் பொருள். பழைய பாட்டு மெட்டுகளை எடுத்து, சிம்பொனி இசைக்குழுவின் முழு வலிமையோடு அவற்றை எழுப்பினார். மக்கள் மெய்சிலிர்த்தனர். சிற்றூர்க் கிழவர் முணுமுணுத்த மெட்டு ஒரு நாட்டின் குரலாக நிமிர்ந்து நின்றதை அவர்கள் முதன்முறையாகக் கேட்டனர். அந்தப் பெருமிதம் போலியன்று. தம்முடையதைத் தாழ்வாக எண்ணப் பழகிய மக்களுக்கு அத்தகைய கோப்பு ஒரு மருந்து.

அதன்பின் 1960களின் தொடக்கத்தில் அவர் வேறொரு வழியில் சென்றார். நாட்டு இசைக் கலைஞர்களையே கூட்டி 'கியோல்டோரி கூலன்' என்னும் குழுவை அமைத்தார். வயலின், புல்லாங்குழல், அக்கார்டியன், துருத்திக்குழல் ஆகியவை அதில் இருந்தன. அத்துருத்திக்குழல் வாயால் ஊதப்படுவதன்று. முழங்கையால் துருத்தியை அழுத்திக் காற்றூட்டப்படுவது. ஆட்டுத்தோல் போர்த்திய பௌரான் என்னும் பறையை அவர் அரங்கேற்றினார். பித்தளைக் கம்பி யாழின் ஓசையை நினைவூட்டும்பொருட்டுத் தாமே ஹார்ப்சிகார்டு வாசித்தார். எல்லாரும் எப்போதும் உரக்க வாசிக்கும் ஆட்டக்கூட முறையை அவர் தள்ளினார். 1962இல் நிகழ்த்திய வானொலி உரைகளில் அதனைக் கடுமையாகச் சாடவும் செய்தார். அவருடைய குழுவில் ஒரு கருவி பேசும்போது மற்றவை கேட்டிருக்கும். பிறகு இரண்டு சேரும்; பிறகு அனைத்தும் சேரும். தனிக் கலைஞரின் நுண்மாற்றத்துக்கு அங்கு இடமிருந்தது.

அக்குழுவில் துருத்திக்குழல் வாசித்த பேடி மொலோனி 1962இல் 'சீப்டன்ஸ்' குழுவைத் தொடங்கினார். 1972இல் 'பிளாங்க்ஸ்டி' தோன்றியது. அதில் டோனல் லன்னியின் புசூக்கி, மெட்டின் அடியில் சுரக்கூட்டுகளைக் கொட்டாமல், மெட்டோடு உடன்நடக்கும் இன்னொரு வரியாக இயங்கிற்று. இன்று உலகம் கேட்கும் அயர்லாந்து இசைக்கோப்பின் பெரும்பகுதி இவ்வழியில் வந்தது.

ஆற்றைப் பற்றிய பூசல்

1994 ஏப்ரல் 30ஆம் நாள் டப்ளினில் நடந்த யூரோவிஷன் பாட்டுப் போட்டியின் இடைவேளையில் 'ரிவர்டான்ஸ்' ஏறத்தாழ ஏழு நிமிடங்கள் நிகழ்ந்தது. பில் வீலன் இசையமைத்த அது பழைய மெட்டின் கோப்பன்று. பழைய ஆட்டத்தின் நடையைக் கொண்டு புதிதாகப் புனையப்பட்டது. மறுஆண்டு அது முழு நிகழ்ச்சியாகி உலகைச் சுற்றியது. அதே 1995இல் பியானோ கலைஞரும் பேராசிரியருமான மீஹால் ஓ சுலவான், 'ஒலியாறு' என்னும் பொருள்படும் தொலைக்காட்சித் தொடரை வழங்கினார். மரபு ஓடிக்கொண்டே இருக்கும் ஆறு. பல துணையாறுகளை ஏற்பது அதன் இயல்பு என்பது அவர் பார்வை.

இதனை வெளிப்படையாக எதிர்த்தவர் டோனி மக்மான். அவர் கிளேர் மாவட்டத்து அக்கார்டியன் கலைஞர். தொலைக்காட்சித் துறையிலும் பணியாற்றியவர். பகட்டும் வாணிகமும் கலந்த இப்புதிய ஓசையில் பழைய இசையின் உள்ளம் காணாமற் போகிறது என்று அவர் கூறினார். 1996இல் டப்ளினில் நடந்த ஒரு மாநாடு, மரபா மாற்றமா என்னும் இவ்வினாவையே பொருளாகக் கொண்டது.

இவருள் யார் சரி? ஓ சுலவான் கூறியது வரலாற்று உண்மை. அயர்லாந்து இசை எக்காலத்தும் கலந்தே வளர்ந்தது. மக்மான் கூறியதும் பட்டறிவின் உண்மை. ஓர் இசையைத் தனிமையில் வாசித்து அதன் ஆழத்தைக் கண்டவர், எது இழக்கப்படுகிறது என்பதைப் பிறரினும் முன்னே உணர்வார். ஆறு என்னும் உவமையே இருவரையும் இணைக்கிறது. துணையாறுகள் கலந்தால் ஆறு பெருகும். ஆனால் ஊற்று வற்றிவிட்டால் துணையாறுகளால் மட்டும் அது அதே ஆறாக இராது. ஆகவே ஒரு கோப்பு ஊற்றை என்ன செய்கிறது என்று நாம் கேட்க வேண்டும். அக்கேள்வி மூன்றாகப் பிரியும்.

மூன்று கடன்கள்

முதற்கடன், தந்தவரைச் சொல்லுதல். அயர்லாந்துக் கலைஞரிடையே ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஒரு மெட்டை வாசிக்குமுன் அதனை யாரிடமிருந்து பெற்றோம் என்று கூறுவர். பல மெட்டுகளுக்கு அவ்வாறு தந்தவரின் பெயரே பெயராகிவிட்டது. இவ்வழக்கம் தவறியதால் விளைந்த இழப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். 'டேனி பாய்' என்னும் பாட்டின் மெட்டை உலகமே அறியும். லிமவாடி ஊரைச் சேர்ந்த ஜேன் ராஸ் அம்மையார் எழுதி அனுப்ப, ஜார்ஜ் பெட்ரி அதனை 1855இல் தம் தொகுப்பில் வெளியிட்டார். 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் மாண்டிருந்தனர். அதற்கும் மேற்பட்டோர் நாட்டை விட்டு வெளியேறியிருந்தனர். நாட்டுப்புறத்தில் பாட்டொலியே அடங்கிவிட்டதைப் பெட்ரி முன்னுரையில் வருந்திக் குறித்தார். அத்தகைய காலத்தில் அந்த மெட்டு தப்பியது பேறு. ஆனால் அதனை வாசித்தவர் யார் என்று அந்நூல் கூறவில்லை. பின்னர் பெர்சி கிரெய்ஞ்சர் அதற்கு அமைத்த கோப்பு புகழ் பெற்றது. 1913இல் பிரெடரிக் வெதர்லியின் சொற்கள் அதனோடு சேர்ந்தன. எழுதியவர் பெயர், தொகுத்தவர் பெயர், கோத்தவர் பெயர், பாடல் புனைந்தவர் பெயர் அனைத்தும் நிலைத்தன. வாசித்தவர் பெயர் மட்டும் நிலைக்கவில்லை.

பணமும் இங்கு வந்து சேர்கிறது. சட்டத்தின்படி பழைய மெட்டு அனைவர்க்கும் பொது. அதன் புதிய கோப்புக்கு மட்டும் உரிமைத்தொகை உண்டு. கோத்தவரின் உழைப்புக்குக் கூலி வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் பெறுவது கோப்புக்குரிய கூலி என்பதை அவர் மறக்கலாகாது. மெட்டுக்குரிய கூலியைப் பெற வேண்டியவர் இறந்துவிட்டார். அவருக்குச் செலுத்தத்தக்கது நினைவு ஒன்றே. இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் உண்டு. 18ஆம் நூற்றாண்டுக் கவிஞர் பேடர் ஓ டோர்னின் எழுதிய ஒரு கவிதைக்கு ஓ ரியாடா மெட்டமைத்தார். சீப்டன்ஸ் குழு வாசித்த அம்மெட்டு, 1975இல் 'பேரி லிண்டன்' படத்தின் வழியே உலகெங்கும் பரவியது. அது பழைய நாட்டு மெட்டு என்றே பலர் நம்புகின்றனர். பெயரை மறப்பது எவ்வளவு எளிது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இரண்டாம் கடன், இடம் விடுதல். மாறும் இயல்புள்ள மெட்டை முற்றிலும் பூட்டிவிடாமல், வாசிப்பவர் தம் மூச்சையும் எண்ணத்தையும் செலுத்த இடம் விட வேண்டும். இதில் குற்றம் கருவியுடையதன்று. பண்டிங்கின் நூலில் பியானோ மெட்டை அடைத்து நின்றது. 2014இல் முதல் தொகுப்பை வெளியிட்ட 'குளோமிங்' குழுவிலும் பியானோ உண்டு. அங்கு மார்ட்டின் ஹேஸின் கிழக்குக் கிளேர் நடை வயலின் மெல்லத் தொடங்குகிறது. பியானோ சில சுரங்களை மட்டும் தொட்டுவிட்டு ஒதுங்குகிறது. கால்மணி நேரத்துக்கும் மேலாக நீளும் கோப்பு உண்டு. ஆனால் நடுவே அமைதியும் உண்டு. ஒரே கருவி ஓரிடத்தில் வாயை அடைத்தது. ஓரிடத்தில் செவி கொடுத்தது.

மூன்றாம் கடன், திரும்பும் வழியை அடைக்காதிருத்தல். அரங்குக்குச் சென்ற மெட்டு மீண்டும் சமையலறைக்கு வர முடிய வேண்டும். கருவிகள் அனைத்தையும் நீக்கிய பின்னும், ஒருவர் தனியே அமர்ந்து அதனை வாசிக்க முடிய வேண்டும். 'உன் கையைக் கொடு' என்று பொருள்படும் ஒரு யாழ் மெட்டு, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரூரி டால் ஓ கஹான் என்னும் பார்வையற்ற கலைஞர் படைத்தது என்று கூறப்படுகிறது. ஓ ரியாடாவின் குழு அதனைப் புதுப்பித்தது. பிளாங்க்ஸ்டி தம் 1973ஆம் ஆண்டுத் தொகுப்பில் ஒரு பாட்டின் முடிவோடு அதனை இணைத்தது. இன்று அயர்லாந்தில் கற்றுக்கொள்ளும் சிறுவரும் அதனைத் தகரக்குழலில் வாசிக்கின்றனர். சென்ற வழியெல்லாம் கோப்புகள். ஆயினும் மெட்டு வீடு திரும்பியது.

இம்மூன்று கடன்களைக் கொண்டு பண்டிங்கை மீண்டும் அளந்து பாருங்கள். இடம் விடுவதில் அவர் தவறினார். ஆனால் 1840 தொகுப்பில் மெட்டுகளை யாரிடமிருந்து பெற்றார் என்று குறித்து வைத்தார். யாழ்க்கலைஞரிடம் நேரே கேட்டெழுதிய அவருடைய கையெழுத்துப் படிகளும் பெல்பாஸ்டின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் காக்கப்படுகின்றன. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பித்தளைக் கம்பி யாழை மீட்டெடுக்க முனைந்தவர்கள், பியானோ அச்சுப் பக்கங்களை ஒதுக்கிவிட்டு அந்தக் கையெழுத்துப் படிகளை நாடினர். அவருடைய கோப்பு பிழைபட்டது. அவருடைய குறிப்பு வழிகாட்டியது. தாம் மாற்றியதைத் தெரிவித்து, மாற்றாத படியையும் விட்டுச் செல்பவர், வருங்காலத்தார் தம்மைத் திருத்திக்கொள்ளும் உரிமையையும் விட்டுச் செல்கிறார். கோப்பவர் செய்யத்தக்க அறங்களுள் இது தலையாயது என்பது என் துணிபு.

கேட்போரின் பங்கு

கடன் கோத்தவருக்கு மட்டும் உரியதன்று. அரங்கில் அமர்ந்து கைதட்டுபவர்க்கும் அதில் பங்குண்டு. பெரிய கோப்பைக் கேட்டு மகிழ்ந்தவர், அதன் மெட்டைத் தனிக் கருவியில் ஒருமுறையேனும் தேடிக் கேட்க வேண்டும். ஊற்றுக்கு நீர் ஊறுவது கேட்போர் காட்டும் அந்த ஆர்வத்தால்தான். துருத்திக்குழல் இசையை 2017லும் யாழ் இசையை 2019லும் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. பட்டியல் பெருமை தரும், பயிற்சி தராது. 1973 முதல் ஆண்டுதோறும் கோடையில் கிளேர் மாவட்டத்தின் மில்டவுன் மால்பே ஊரில் வில்லி கிளான்சி பெயரால் நடந்துவரும் இசைப்பள்ளி போன்றவையே பயிற்சி தருவன. அங்கு மூத்தவர் வாசிக்க, இளையவர் கேட்டுக் கற்கின்றனர். அத்தகைய இடங்கள் இருக்கும்வரை எத்தனை துணிவான கோப்பும் மரபுக்குக் கேடாகாது. அவை இல்லாமற் போனால், எத்தனை பணிவான கோப்பும் இறந்தவரின் படத்துக்கு இட்ட மாலையாகவே முடியும்.

ஆசிரியரும் மாணவரும் இதனை இசைக்கு மட்டும் உரிய செய்தியாகக் கொள்ள வேண்டா. பழங்கதையைச் சுருக்கி வகுப்பில் சொல்லும் ஆசிரியரும், நாட்டுப்பாடலை மேடைக்கு ஏற்றவாறு அமைக்கும் மாணவரும் கோப்பவர்களே. அவர்கள் மாற்றலாம், மாற்றாமல் எதுவும் கைமாறுவதில்லை. பாட்டைத் தந்த பாட்டியின் பெயரைச் சொல்லிவிட்டு மாற்றட்டும். அடுத்து வருபவர்க்கும் மாற்ற இடம் விட்டு மாற்றட்டும். தாம் பெற்றபடியை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு மாற்றட்டும். பெற்ற மெட்டுக்கு நாம் பட்ட கடன் முழுதும் தீராது. தீராத கடனுக்கும் ஒழுங்காக வட்டி செலுத்துபவரை ஊரார் நேர்மையாளர் என்றே மதிப்பர்.